நாற்பதை நாற்பத்து மூன்றாக்கியவன்

ஆயர் ஈத்தாம் ரோடு, பினாங்கு.
1943 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. ஜப்பான் மணிக்குப் பகல் ஒன்று இருபது. நம் பழைய மணிக்குப் பதினொன்று ஐம்பது. ஆட்கள் நாற்பத்து மூன்று பேர்.

அன்புள்ள சுப்பையாவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. தபாலில் போட்டால் ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிப்பார்கள். அதனால் படகுக்காரர் அப்துல் ரசாக் கையில் கொடுத்தனுப்புகிறேன். நின்றபடியே படி. படித்ததும் அடுப்பில் போடு.

போன மாதம் நானும் நீயும் தாசேக் கெலுகோர் தோட்டத்தில் தொழிலாளர் லயம் லயமாக ஏறி இறங்கி எழுதினோமே, இளைஞர் தொழில் பதிவேடு, அது பள்ளிக்கூடத்துக்கு இல்லை. சயாம் ரயில் பாதைக்கு. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை உங்கள் தோட்டத்துக்கு இரண்டு லாரி வருகிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். வரிசையாகச் சொல்கிறேன்.

வரும் வியாழக்கிழமை ஷோனானில், அதுதான் நம் சிங்கப்பூரில், ஜப்பான்காரர்கள் கூட்டுகிற இளைஞர் மாநாடு. பர்மா, சயாம், பிலிப்பைன்ஸ், ஜாவா என்று எல்லா நாட்டு இளைஞர்களும் உட்கார்ந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று பேசப்போகிறார்களாம். மலாயாவுக்காகப் பினாங்கிலிருந்து இரண்டு பேர்: நானும், பாலிக் புலாவ் பள்ளி ஆசிரியை நோர்மாவும். மின்சார இலாகாவில் டிரான்ஸ்பார்மர் பார்க்கிறவனை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அக்கரையில் பிறை ஊரில் ஒரு தொழிற்பள்ளி கேட்கலாம், தோட்டத்துப் பிள்ளைகள் லேத்து மெஷின் பிடிக்கலாம் என்றுதான் யோசித்தேன். பேச ஒரு நாற்காலி கிடைத்தால் உட்கார வேண்டியதுதானே, போட்டவன் யாராக இருந்தால் என்ன என்று உன்னிடம் கத்தினேன். நாற்காலி போட்டவன்தான் எழுந்து போகவும் சொல்வான் லா என்று நீ சிரித்தாய். அப்புறம் எனக்காகவே கூட வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினாய். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் உன் முகத்தைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தார்கள். என் முகத்தைப் பார்த்து இல்லை.

நேற்று முன்தினம் ஒத்திகை. நான் மேடையில் வாசிக்க வேண்டிய உரையை மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டினார். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை. ஆறாம் பத்தியில், தாசேக் கெலுகோர் இளைஞர்கள் நாற்பது பேர் என்று வந்தது. உடனே கையைத் தூக்கினேன். தப்பு, நாற்பத்து மூன்று என்றேன். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். காய்ச்சல் என்று நீ குறிப்புப் போட்ட மூன்று பேரை விட்டிருந்தார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும், கைத்தொழில் எங்கே போகும் என்று அதிகாரிக்கு விளக்கம் வேறு சொன்னேன். அவர் எழுந்து எனக்குத் தலை வணங்கினார். நாற்பதை அடித்துவிட்டு நாற்பத்து மூன்று என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியத்தின் மீதி வந்தது: தாங்களாகவே முன்வந்து சயாம் பாதைக்குத் தங்கள் உழைப்பைக் காணிக்கையாக்குகிறார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவன் அய்யாக்கண்ணு. உன் தங்கை மீனாட்சியின் புருஷன். நீ என்னைக் காறித் துப்பலாம். வெள்ளிக்கிழமை கழியட்டும், அப்புறம் துப்பு.

லாரி விஷயம் நோர்மா சொன்னது. மாநாட்டுக் காகிதங்களையெல்லாம் அவள்தான் தட்டச்சு அடிக்கிறாள். லாரி உத்தரவை என் பக்கம் நகர்த்திக் காட்டிவிட்டு, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டாயே, இப்போது வயிறு நிறைந்ததா என்று மலாயில் கேட்டாள். அவளுக்குக் கொடுத்திருக்கிற உரை, பெண்கள் சாக்குத் தைப்பதில் அடைகிற மகிழ்ச்சியைப் பற்றி. நாங்கள் இரண்டு பேரும்தான் இந்த நாட்டின் இளைஞர்கள். சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்த பட்டையில் எந்த நாடு என்றுகூட இல்லை. எண் மட்டும்தான்.

சயாமில் என்ன நடக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பிவந்த அந்த ஒரே ஆளின் காலுக்குக் கட்டுப் போட்டவன் நீ. எலும்பு தெரிந்தது என்றாய். அது பழைய கதை, இனி ஒழுங்காக நடத்துவார்கள் என்று அப்போதும் வாதாடினேன்.

நான் ஒளிந்தால் அம்மாவைப் பிடிப்பார்கள். அவளானால் என் வெள்ளைக் கோட்டுக்கு மரவள்ளிக் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கிறாள். என்ர பிள்ளை நாட்டுக்காகக் கதைக்கப் போறான் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

நாற்பத்து மூன்று பேரும் ஓடினால், லயத்தில் மிச்சம் இருக்கிற அப்பன்களையும் தம்பிகளையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம், யார் தலை என்பது இல்லை. ஆகவே ஓட விடாதே. ஓடாமல் தப்ப எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. அவர்களே பயப்படுகிற ஒன்று வாந்திபேதி.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் வாந்திபேதி கண்டிருக்கிறது, பதிவேட்டில் உள்ளவர்கள் ஒருவரையும் வெளியே விடக்கூடாது என்று, உன் பெயர் போடாமல், டிரஸ்ஸருக்கு நான் இட்ட உத்தரவு. தேதி நேற்றையது. பதிவாளர் என்று எனக்குக் கொடுத்த ரப்பர் முத்திரையைக் குத்தியிருக்கிறேன். கடிதத்தை எரி, அந்தத் தாளை எரிக்காதே. தொற்றுநோய் என்று தெரிய மஞ்சள் கொடி கட்டு. லயத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவு. யாராவது வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசு. டாக்டரை அனுப்பிச் சோதித்தால் குட்டு உடையும், தெரியும். அப்போது அந்தத் தாளை நீட்டி, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று சொல். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே.

இதைவிட நல்ல யோசனை உனக்குத் தோன்றினால் அதையே செய். என் யோசனையால் வந்தது போதும்.

மன்னிப்புக் கேட்டு எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். கையெழுத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன். கீழே இருப்பது நான் செய்யப்போகிற வேலை.

உன்
கதிர்காமநாதன்

1. மூன்று மணிக்குப் படகுத்துறையில் ரசாக்கிடம் இதைக் கொடுப்பேன். அவர் தோட்டத்து வாசல்வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடு.

2. நாளை நோர்மாவிடம் அலுவலகச் சாவி கேட்பேன். இன்னும் சரி என்று அவள் சொல்லவில்லை. கொடுத்தால், பதிவேட்டில் நாற்பத்து மூன்று பெயருக்கும் எதிரே நோய்க் குறிப்பு எழுதி, கீழே என் பெயரைப் போடுவேன். கொடுக்காவிட்டால் பூட்டை உடைப்பேன்.

3. திங்கட்கிழமை காலை அம்மா விபூதி பூசும்போது குனிந்து நிற்பேன். பிறகு பிறையில் ரயிலேறுவேன்.

4. வியாழக்கிழமை மேடையில் ஐந்தாம் பத்தி முடிந்ததும் ஏழாம் பத்திக்குப் போவேன். ஏன் என்று நிறுத்திக் கேட்டால், அந்தத் தோட்டத்தில் நோய், ஒருவரும் வரமுடியாது என்று எல்லா நாட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வேன்.

5. அதற்கப்புறம் யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், சுப்பையா என்று ஒருவனை எனக்குத் தெரியாது. கூட நடந்தவன் எவனோ தோட்டத்து ஆள், முகம் ஞாபகமில்லை என்பேன். நீயும் என்னைப் பற்றி அப்படியே சொல். மீனாட்சியையும் அப்படியே சொல்லச் சொல். நன்றாக இருடா.