கரையோடு நின்ற மழை

மச்சான்,

ஆகாயத்தில் சுற்றும் அத்தனை செயற்கைக்கோள்களையும் சாட்சிக்கு வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை.

இன்று காலை ஜொகூர் பாருவில் என் தகரக் கூரையைப் பிய்க்கிற மழை. கைப்பேசியில் நீ வைத்துக்கொடுத்த செயற்கைக்கோள் மழைப்படத்தைத் திறந்தேன். கடல்மேல் மழையைக் காட்டும் கருநீலம். கரைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. கடப்பிதழை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஆளைப்போல் மழை கரையிலேயே நிற்கிறது.

இதைத்தானே ஆயர் ஈத்தாம் ஊர்க் கடையில், நுரை தளும்ப ஆற்றித் தந்த தே தாரிக் ஆறிப்போகும்வரை விளக்கினாய். கீழேயிருந்து கிளம்பும் நுண்ணலைகளைத்தான் அந்தக் கருவி மேலிருந்து பார்க்கிறது என்றாய்.

"அந்த அலையில கடல் மங்கலா இருக்கும் மச்சான். அதுக்கு மேல மழைத்துளி பளிச்சுன்னு தெரியும். தரை தானாவே பளபளக்குது, அதுல துளி காணாம போயிடும். அதனால மேகத்து உச்சியில ஐஸ் இருந்தாத்தான் தரையில மழைன்னு எழுதுறோம்."

"ஐஸ் இல்லாத தாழ்ந்த மேகம்?" என்றேன்.

"பெர்மிட் இல்லாம வந்தவன் லா. பெய்வான், கணக்குல வரமாட்டான்."

மெர்சிங்குக்கு மேற்கே மலையடிவாரத்தில், நாம் கடைசியாகச் சேர்ந்து போன அன்று தொங்கியதும் அந்த மாதிரி மேகம்தான். "இது படத்துல வராது. மழைமானியில அளந்து காட்டுனாத்தான் எங்க வானிலை ஆபீஸ்ல நம்புவானுங்க" என்று ஆற்றின்மேல் இருந்த பலகைப் பாலத்தை நோக்கி இறங்கினாய். நான் மேட்டில் காருக்குள் இருந்தேன். பாலம் போனது. அக்கரையிலிருந்த மானி போனது. நீ போனாய்.

விசாரிக்க வந்த அதிகாரி மரியாதையான பிள்ளை. "எவ்ளோ மழை அங்கிள்?"

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். யானைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு மீன் கார்க் கண்ணாடியைத் தட்டி வழி கேட்டது. மரத்தில் ஏறியிருந்த முதலை என்னையும் மேலே கூப்பிட்டது. என் பக்கத்தில் இருந்த உன் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு அன்றைய செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார்.

"அந்த இடத்துல மழையே இல்லையே அங்கிள். இது உங்க மச்சானே சரிபார்த்த முறைதான்."

பாலம் ஏன் உடைந்தது? பழைய பலகையாம். நீ? கவனமில்லாமல் இறங்கியவனாம். உன் கையால் சரிபார்த்த கணக்கை வைத்தே உன்னை முடித்துவிட்டார்கள். பிறகு, நல்ல மனிதர் என்று மலர்வளையமும் அனுப்பினார்கள்.

நேற்று உன் மகள் கேட்டாள்: "அப்பா ஏன் பார்த்து இறங்கல, மாமா?"

வாயைத் திறந்தால் மறுபடி யானைதான் வரும். அதனால் இந்த மடலை அவளிடமே கொடுக்கப்போகிறேன். யானை பொய். மீன் பொய். முதலை கலப்படமில்லாத பொய்.

மழை பெய்தது மச்சான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்ற இடமே தெரியாத அளவுக்குப் பெய்தது. அது மட்டும் உண்மை.