கரை காணாத நண்டு

2024 பெப்ரவரி 3, சனி

கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்து ஆறு மாதம். இந்த வீட்டில் நண்டு மணக்கவே இல்லை. மாமா ஒரே பிடி: "நண்டு கரையிலயும் வாழும், தண்ணியிலயும் வாழும். மார்க்கத்துல கூடாது." எங்கட உம்மா ஆக்கித் தந்தாவே என்று சொல்ல வாய் வருமா? தின்பது பெண் வீட்டுச் சோறு.

இன்று தம்பிலுவில் துசாந் ஒரு பெட்டியோடு வந்தான். படிக்கிற காலத்துக் கூட்டாளி, இப்போது மீன் பிடிக்க ஆழ்கடல் போட்டில் போகிறவன். பெட்டிக்குள் ஐஸில் ஒரு ராச நண்டு! உடம்பெல்லாம் முள்ளு, சோற்றுக் கோப்பை அளவு ஓடு. ஆழத்தில் விட்ட தூண்டிலில் சிக்கியதாம். "சந்தையில ஒருத்தரும் கிட்ட வரல்லடா. நீதானே உயிரியல் வாத்தி, வச்சிக்க."

மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டே பிரிஜ்ஜில் இடம் தந்தார்.

பெப்ரவரி 4, ஞாயிறு

மாமாவுக்கு வகுப்பெடுத்தேன். "இது ஆயிரம் மீற்றர் ஆழத்துல, வெளிச்சம் போகாத குளிர்ல கிடக்கிறது மாமா. கரையைக் கண்டதே இல்ல. மேல வந்தா செத்துப் போகும்."

தாடியைத் தடவினார். "அப்ப மீனைப் போல?"

"ஓம், மீனைப் போல!"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். படிச்ச வாய் கேட்குமா? "சரியாப் பார்த்தா இது நண்டுமில்ல மாமா. சங்குக்குள்ள குடியிருக்குதே, அந்தச் சின்ன நண்டுக்குத்தான் சொந்தம்."

"எது, நம்மட கடற்கரையில ஊர்ந்து திரியுதே, அதுக்கா?"

யா அல்லாஹ்.

"அப்ப கரைக்காரன்ட குடும்பம்தானே. முடிஞ்சி கதை."

பெப்ரவரி 5

சொந்தம் பார்த்தா கறி ஆக்குவது என்று பெண்சாதியிடம் புலம்பினேன். "உங்களுக்கு என்னைத் தரக்குள்ளயும் வாப்பா சொந்தம்தான் பார்த்தாங்க" என்று சிரிக்கிறாள் சுல்பிகா.

பெப்ரவரி 7

நானும் மாமாவும் கதைப்பதில்லை. பிரிஜ்ஜைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

பெப்ரவரி 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மாமா வேகமாக வந்தார். "மௌலவியிட்ட கேட்டன். சொந்தக்காரன் எங்க திரிஞ்சாலும் நமக்கென்ன எண்டார். இது கடல்லயே கிடக்கிறதெண்டா திங்கலாமாம்."

பாய்ந்து போய்த் திறந்தேன். ஐஸ் மட்டும் கிடந்தது.

மாமி வந்து நின்றார். "அதால ரெண்டு பேரும் முகம் பார்க்காம இரிக்கிங்க. நேத்து துசாந் தம்பியக் கூப்பிட்டுக் குடுத்துட்டன். வீட்டுல நிம்மதி வேணும்."

உடனே துசாந்துக்குப் போன் எடுத்தேன். "குழம்பு வச்சாச்சுடா. ரெண்டு கால் மிச்சம் கிடக்கு."

போனில் காது வைத்திருந்த மாமா மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார்! "ஏறுங்க மருமகன்."

தம்பிலுவில் போகிற வழியில் அட்டாளைச்சேனை தாண்டியதும் தலையைத் திருப்பாமல் கேட்டார்: "அதுக்கு ஆழத்துலயே கிடக்கிற சொந்தக்காரன் வேற ஒருத்தரும் இல்லையா?"