கல்லில் காலியாக விட்ட இடம்

செல்ல மகளே,

நன்றியறிதல் நாள் விருந்துக்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்: நம் மூதாதை லவீனியா கிடைத்துவிட்டாள்!

கணவனின் கல்லறைக் கல்லிலேயே இவள் பெயரையும் முன்கூட்டிச் செதுக்கி, இறந்த வருடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்களே, அவளேதான். துக்கத்தில் எங்கேயோ போய் மாய்ந்திருப்பாள் என்று இருபது வருடமாக இறப்புப் பதிவுகளைப் புரட்டினோம். நேற்று ஐயோவா மாநிலப் பதிவறையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

“ஏம்மா, அவங்க சாவையே தேடுறீங்களே, கல்யாணப் புத்தகத்தைப் பார்த்தீங்களா?”

பார்த்தேன். 1874-இல், அறுபத்திரண்டு வயதில் மறுமணம்! மாப்பிள்ளை யார் தெரியுமா? அந்தக் கல்லைச் செதுக்கியவனேதான். கல்லின் அடியில் அவன் பெயர் இருக்கிறது, நாம்தான் குனிந்து பார்க்கவில்லை. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருவரும் ஒரிகானில் ஆப்பிள் தோட்டத்தோடு இருக்கிறார்கள்.

நான் போட்ட கூச்சலில், காரில் காத்திருந்த ஆர்வில் ஓடி வந்தார். விருந்தில் நீ முகம் கொடுத்துப் பேசாத அதே ஆர்வில்தான்.

“என்னாச்சு? செத்த தேதி கிடைச்சிருச்சா?”

“அட போய்யா! அவ பொழைச்சுட்டா!”

உன் அப்பாவின் கல்லில் என் பெயரையும் நீ செதுக்க வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காலியிடம் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை இங்கே வா. எங்கள் கல்யாணப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா