விட்டுக்கொடுக்காத மெஷின்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அதே சௌக்கியத்தோடு இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் மகள் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த செஸ் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிவிட்டாள். முதல் பரிசு வாங்கிய பையன் இவளைவிடப் பெரிய வகுப்பு, மீசை முளைத்தவன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள். கோப்பையை வாசலுக்கு நேராக வைத்திருக்கிறேன். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார், பார்க்காமல் போக நான் விட்டால்தானே. அவள் தம்பி தண்ணீரைக் கண்டாலே அலறுவான், இப்போது நீச்சல் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிற்காமல் போகிறான். உன் மகன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று எரிமலையைப் பற்றிப் பேசினான் என்று நீ சொன்னதை நான் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள், எரிமலையைப் பத்தி அப்படி என்ன பேசிடுவான் சின்னப் பையன் என்று கேட்டாள். உங்க பேரன் பேசும்போது தெரிஞ்சுக்குவீங்க என்று சொல்லிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் பங்குப் படிப்பையும் சேர்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதனால் பெருமைப்பட எனக்கு இரட்டை உரிமை உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு வாங்கலாம் என்று, எதிரே ஆள் இல்லாமலே ஆடுகிற மூன்று செஸ் மெஷின்களின் படத்தை அனுப்பி எது வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதைப் போனில் சொல்ல முடியவில்லை, மணி அடித்ததுமே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி, பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே.

பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருடைய வலது கை முன்னைப் போல இல்லை என்பது உனக்குத் தெரியும். காலும் பேச்சும் திரும்பிவிட்டன, பேச்சு கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது. கை மட்டும் நடுங்குகிறது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் யாரும் நம்பவில்லை. தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் அப்பாவோடு எத்தனை வருஷமாக ஆடுகிறார், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அப்பா கையிலிருந்த காயை வைத்துவிட்டு, யோவ், நீ ஆட வந்தியா இல்ல துக்கம் விசாரிக்க வந்தியா என்று கேட்டுவிட்டார். போனவர் போனவர்தான், இப்போது தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். பிறகு பேத்தி ஆட உட்கார்ந்தாள். தாத்தா மனசு உடைஞ்சுடும், ஜெயிச்சுடாதே என்று உன் அண்ணி சொல்லி அனுப்பியிருக்கிறாள். கோப்பை வாங்கிய பிள்ளை தாத்தாவிடம் தேநீர் ஆறுவதற்குள் தோற்றால் எந்தத் தாத்தா நம்புவார்? அதற்கப்புறம் நீ லீவுக்கு வந்தாய்.

சொல்கிறேன் என்று வருத்தப்படாதே. கிளம்புகிற அன்று ஆடினாயே, அதில் உன் ராணியைக் கொண்டுபோய் அவருடைய யானைக்கு எதிரே வைத்தாயாம். எனக்கு ஆட்டம் தெரியாது, தூசி தட்டித் தட்டிக் குதிரை எது ராஜா எது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவர் முகம் எனக்குத் தெரியும். உன்னை வண்டி ஏற்றிவிட்டு வந்ததும் பலகையை மடித்துப் பீரோவின் மேலே வைத்துவிட்டார். என்னவென்று கேட்டதற்கு, உன் பொண்ணும் என்னைக் கிழவன்னு முடிவு பண்ணிட்டா என்றார். நீ சின்னவளாக இருந்தபோது ஒரு தடவையாவது உனக்கு விட்டுக்கொடுத்திருப்பாரா? நீ அழுதுகொண்டே காயை வீசுவாய், பச்சைப் பிள்ளைக்கு ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க என்று நான் சண்டைக்கு நிற்பேன், விட்டுக்கொடுத்தா அது ஆட்டம் இல்லடி, தாலாட்டு என்பார். பத்தாவது படிக்கும்போது நீ அவரை முதல் தடவை ஜெயித்தாய், மறுநாள் ஆபீஸ் முழுக்கத் தான் தோற்ற கதையைச் சொல்லிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதருக்குப் போய் நாம் எல்லோரும் சேர்ந்து தாலாட்டுப் பாடினால் எப்படி? பலகை மேலே போனதோடு எல்லாவற்றிலும் ஆசை விட்டுப்போயிற்று. கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால், அமுக்கி என்ன ஆகப்போகுது என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இப்படியே விட்டா விரல் மடங்கினது மடங்கினபடி நின்னுடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் உன் படங்கள் வந்தன. நீ வாங்குவதற்குள் பழகிப் பார்க்கட்டும் என்று உன் அண்ணன், கூட வேலை பார்ப்பவர் வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய மெஷினை இரவல் வாங்கி வந்தான். பிளாஸ்டிக்தான். காயை எடுக்கும்போது அந்தக் கட்டத்தில் ஒரு அமுக்கு, வைக்கும்போது ஒரு அமுக்கு, கீக்கென்று ஒரு சத்தம். அது எந்தக் காயை ஆட நினைக்கிறது என்று ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியும், அந்தக் காயையும் நாம்தான் நகர்த்த வேண்டும். அப்பா மூன்று ஆட்டம் ஆடினார், மூன்றும் ஜெயித்தார். மூன்றாவது முடிந்ததும் எங்களை எல்லாம் வரிசையாக ஒரு பார்வை பார்த்து, இந்த மெஷினுக்கும் என் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் காட்டிட்டீங்களா என்று கேட்டார். உன் அண்ணன் திருதிருவென்று முழித்தான். சின்னக் குழந்தைகள் ஆடுகிற அளவுக்கு அதைக் குறைத்து வைத்திருக்கிறான் அந்தப் புத்திசாலி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். அது மேல தப்பு இல்ல, வளர்ப்பு அப்படி என்றார்.

சரி, உங்களுக்கு வேண்டியதை நீங்களே பொறுக்குங்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அழைத்துப் போனோம். நீ காட்டிய மூன்றுமே அங்கே இருந்தன, கடைக்கார அம்மாள் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்து ஆட விட்டாள். முதல் படத்தில் இருப்பது தன் காயைத் தானே நகர்த்தும். யாரும் தொடாமல் ஒரு சிப்பாய் ஊர்ந்து வந்ததைப் பார்த்து நான் பின்னால் இருந்தவர் காலை மிதித்துவிட்டேன். அப்பா அசரவில்லை, எல்லாத்தையும் அதுவே நகர்த்தினா என் கை எதுக்கு, டாட்டா காட்டவா என்றார். மூன்றாவது படத்தில் இருப்பது பேசும். ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் அருமை, நன்றாக யோசித்தீர்கள் என்று குழைகிறது. இது செஸ் ஆட வந்துச்சா, வார்டுல ரவுண்ட்ஸ் வந்துச்சா என்றார். அதோடு அதன் கட்டங்கள் சின்னவை, அழுத்தியும் அமுக்க வேண்டும், விரல் நடுங்கிப் பக்கத்துக் கட்டத்தில் பட்டுவிடுகிறது.

இரண்டாவது படத்தில் இருப்பதுதான் சரி. மரப்பலகை, பெரிய கட்டம், காயின் அடியில் கனம் இருக்கிறது, கை தட்டினாலும் சாயாமல் ஆடி நின்றுவிடுகிறது. அமுக்க வேண்டாம், தூக்கி வைத்தால் போதும், அதற்கே தெரிந்துவிடும். தன் முறை வரும்போது விளக்கு மட்டும் காட்டும், அதன் காயையும் இவரே தூக்கி வைக்க வேண்டும். கைப்பயிற்சிப் பெண்ணிடம் பிறகு சொன்னபோது, ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு ஆட்டம் வேலை விரலுக்கு, பந்தைத் தூக்கிப் போடுங்க என்றாள். ஒரே ஒரு சிக்கல் வந்தது. கடைக்கார அம்மாள் பெருமையாக, ஆடுகிறவர் பலத்தைப் பார்த்து அதுவே தன்னைக் குறைத்துக்கொண்டு ஆடும் என்று சொன்னாள். அப்பா எழுந்தே விட்டார், அதுக்கு எங்க வீட்டுல ஆள் இருக்காங்கம்மா என்று. அவள் பதறிப்போய், வேண்டாமென்றால் அதை நிறுத்திவிடலாம், எத்தனையாவது படியில் ஆட வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினாள். அவரே நடுப்படியில் வைத்தார். நடுங்குகிற கையாலேயே ஆடினார், இடது கையை மேஜைக்குக் கீழேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மெஷின் அவருடைய ராணியைத் தின்றுவிட்டது. அட திருட்டுப் பயலே என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கடைக்கார அம்மாள் பயந்துவிட்டாள், எனக்கு மட்டும் உயிர் வந்தது. பலகைக்கு எதிரே இருப்பதை அவர் திட்டிக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று! தோற்றார். வீட்டுக்கு வந்ததும் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் முக்காலியைப் போட்டு ஏறிப் பழைய பலகையை இறக்கினார், நான்தான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதனால் இரண்டாவதுதான். அங்கிருந்து அனுப்பாதே, இந்தக் கடையிலேயே எடுக்கச் சொல்லி அண்ணனிடம் சொல், பழுதென்றால் தூக்கிக்கொண்டு போக ஒரு இடம் வேண்டும். விலை கூடியதுதான் நல்லது என்று முதல் படத்துக்குத் தாவாதே. போனோடு சேர்த்து ஆடும் வகையும் வேண்டாம், அவர் போனை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே பாதி நாளைக் கழிக்கிறார். இரவல் மெஷினைச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதையும் மனதில் வை. அதன் படியை அவரே ஏற்றிவிட்டார், தினமும் தோற்கிறார், தினமும் வைகிறார், சாப்பாடு ஒரு கரண்டி கூட இறங்குகிறது. நேற்று ஒரு சிப்பாயை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கிவிட்டு, பார்த்தியா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷினுக்கு முகம் இல்லை, யாரைப் பார்த்து முறைப்பது என்று ஒரு நாள் சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றி எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்து ஆடினார். இரட்டைப் பின்னலும் பள்ளிக்கூடச் சீருடையுமாக இருப்பாயே, அந்தப் படம். பாதி ஆட்டத்திலேயே அதைத் திரும்ப மாட்டிவிட்டார். இந்தச் சின்னப் பொண்ணை ஜெயிச்சு என்ன பெருமை, பெரியவ வரட்டும் என்றார். அடுத்த லீவுக்கு வரும்போது அவரை நிஜமாகவே ஜெயித்துவிடு தாயே. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், எனக்கு ஆட்டம் புரியாவிட்டாலும் முகம் புரியும்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் அனுப்புகிற படம் வேண்டாம், அதை நாற்காலியில் சாய்க்க முடியாது. உன் இப்போதைய முகத்தோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. சிரிக்காதே. அப்பாவை ஜெயிக்க வந்தவள் மாதிரி பார்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா