பாய்லருக்குச் சுண்ணாம்பு

ஏப். 2
வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பானரால் இரண்டு தட்டு, அப்புறம் ஒழுங்காகச் சீறியது. நீர்மட்டக் கண்ணாடியில் மஞ்சள் கறை. மாற்ற வேண்டும்.

திஞ்சான் தண்ணீர்ப் பண்டிகை லீவுக்குள் முடிக்க வேண்டியவை: புகைக்குழாய்களில் கரி தேய்ப்பது. உள்ளே படிந்த உப்புக் காரை. மூடிக்குப் புது கேஸ்கெட். பம்பு. அடுப்புச் செங்கல், உடைந்தது மட்டும்.

மதியம் மீனா அயர்ன் செக்‌ஷனிலிருந்து தூக்குச் சட்டியோடு வந்தாள். மனைவி செல்வி போனதிலிருந்து மகள் தினமும் பாய்லர் ரூமில் என்னோடுதான் சாப்பிடுகிறாள். பேசுவதில்லை. புளிக்குழம்பு. பருப்பாகவும் இருக்கலாம், ஞாபகமில்லை.

ஏப். 4
கடைசித் துணி ஆர்டர் நேற்றுக் கப்பலுக்குப் போய்விட்டது. நெருப்பை அணைத்தாயிற்று. பெண்களுக்கு இஸ்திரி வேலை இல்லை. லீவு விடும்வரை துணி அடுக்குவது, கூட்டுவது.

மேனேஜர் கூப்பிட்டார். இந்த வருஷம் பாய்லரை உலர்வாகப் போடச் சொன்னார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பக் கேட்டேன். உலர்வாகத்தான்.

திஞ்சானுக்கு மூடும்போது ஒவ்வொரு வருஷமும் கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, சோடா போட்டு மூடுவேன். காற்றுப் போகாவிட்டால் துருப்பிடிக்காது. லீவு முடிந்ததும் நெருப்பு வைக்க வேண்டியதுதான். உலர்வு என்பது வேறு. சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, மிச்ச ஈரத்தை இழுக்க உள்ளே தட்டுகளில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைத்து மூடுவது. பல மாதம் நெருப்பே வைக்கப் போவதில்லை என்றால் அப்படி.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஆர்டர் இல்லை, முதலாளி மூடிவிடப் போகிறார், திஞ்சான் கழிந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. என்னை மட்டும் காவலுக்கு வைத்துக்கொள்வார்களாம்.

சரி ஐயா என்றேன். திரும்பி வந்து குழாய் தேய்த்தேன். மனசில் ஒன்றும் இல்லை. கரி நிறைய வந்தது.

ஏப். 6
ஞாயிறு. வீட்டில். கரண்டு இல்லை.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் வந்தது, பெயர் மா தான் தான். ஷ்வேபியிதா பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே ஆள் எடுக்கிறார்கள், மீனாவும் அவள் கூட்டாளிகள் நான்கு பேரும் நாளைக்கு வந்தால் ஐந்து பேரையும் சேர்த்துவிடலாம் என்றது. மீனா வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வேண்டாம் என்றால் மற்ற நால்வரும் போகமாட்டார்கள். அவள் இழுத்த இழுப்புக்கு வருகிற பிள்ளைகள்.

"நான் போயிட்டா அப்பா தனியா சாப்பிடணும்" என்று மா தான் தானிடம் காரணம் சொன்னாள்.

அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயில் சோறு. சொல்லியிருக்கலாம். சோற்றுக்கு உப்புப் பற்றவில்லை என்றேன். மீனா உப்பு ஜாடியை எடுத்து வைத்தாள்.

ஏப். 7
பாய்லருக்குள் இறங்கினேன். படுத்துக்கொண்டுதான் வேலை. காரை முட்டை ஓடு மாதிரி உரிந்து வந்தது. வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் உதவியாள் கோ துன், ஊருக்குப் போவதைப் பற்றி ஓயாமல் பேச்சு. லீவு முடிந்து வரும்போது எனக்குக் கருவாடு கொண்டுவருகிறானாம். கொண்டுவா என்றேன்.

உள்ளே நன்றாக இருந்தது. யாரும் சித்தப்பா முறை வைத்து, முகத்தைப் பார்த்து "அழுதுடுங்க ஊலே, அழுதாத்தான் ஆறும்" என்று சொல்வதில்லை. அழுகை வந்தால் அழமாட்டேனா. செல்வியை எரித்துவிட்டு வந்த அன்றும் பைப் ரெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன். மா தான் தான் சொன்ன நாள் இன்று. அது தெரியும்.

ஏப். 8
மாலை தாமுவே பஜாரில் சுண்ணாம்புக் கல். நீற்றாததுதான் வேண்டும் என்றதற்குக் கடைக்காரர், பாய்லருக்கு வெற்றிலை போட்டுவிடப் போகிறீர்களா என்று கேலி. ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

வரும் வழியெல்லாம் பயம். சின்னப் பிள்ளைகள் இப்போதே வாளியும் கையுமாக நிற்கிறார்கள். மூட்டையில் தண்ணீர் பட்டால் கொதித்துவிடும். பிளாஸ்டிக்கில் சுற்றி, சட்டைக்குள் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்தேன். நான் நனைந்தேன், மூட்டை நனையவில்லை.

வாசலில் மீனா. என்ன அது என்று பர்மிய பாஷையில் கேட்டாள். பாய்லருக்கு என்றேன். எப்போதும் தண்ணீர்தானே நிரப்புவீர்கள், சுண்ணாம்பு எப்போது வைப்பார்கள் என்றாள்.

பாய்லர் சம்பந்தமாக யார் எது கேட்டாலும் எனக்குச் சரியான பதில்தான் வாயில் வரும். "ரொம்ப நாளைக்கு மூடினா" என்றேன்.

கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் மா தான் தான் வீட்டுக்கு ஓடினாள்.

ஏப். 9
காலையிலேயே ஐந்து பேரும் ஷ்வேபியிதா போனார்கள். இரண்டு இடம்தான் பாக்கி இருந்ததாம். நேற்று முன்தினம் வந்திருந்தால் எல்லாருக்கும் கிடைத்திருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தையல் மிஷினும் தெரிந்த இருவரை எடுத்துக்கொண்டார்கள். மீனாவுக்கு இஸ்திரி மட்டும்தான் தெரியும்.

மதியத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் பெண்கள் கூட்டம். ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு யார் சொன்னது என்றார். நான்தான், மகளிடம் என்றேன். அப்படியானால் காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். சுண்ணாம்பு வைப்பதா வேண்டாமா என்று கேட்டேன். வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை.

ஏப். 11
நேற்று முழுக்க உள்ளே கரிச்சட்டி வைத்து உலர்த்தியது. இன்று கைவைத்துப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. கேஸ்கெட் புதுசு. கோ துன் ஊருக்குப் போய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் மீனா வந்தாள். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நான் உள்ளே படுத்துக்கொண்டேன். அவள் மூடித் துளை வழியாக ஒவ்வொரு தட்டாகக் கொடுத்தாள். கை மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

கடைசித் தட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். தமிழில் கேட்டாள். தமிழ் அவள் அம்மாவிடம் மட்டும் பேசுகிற பாஷை.

"முன்னாலேயே தெரியுமில்ல உங்களுக்கு. ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

மேனேஜருக்குப் பயந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அது இல்லை. காவல் வேலைக்காகவும் இல்லை. தட்டைக் குழாய்மேல் ஆடாமல் வைத்தேன். பிறகு யோசிக்காமலே வந்தது.

"நான் எதுவா இருந்தாலும் அம்மாகிட்டதானே சொல்லுவேன். அவதான் உன்கிட்ட சொல்லுவா."

சொன்னதை நானும் அப்போதுதான் கேட்டேன். செல்வி செத்துப்போய்விட்டாள். வீட்டில் இல்லை, பஜாரில் இல்லை, எங்கேயும் இல்லை. அழுகை வந்தது. கையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இரும்புக்குள் என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. சுண்ணாம்பில் ஈரம் படக்கூடாது என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மீனாவின் கை உள்ளே வந்து என் காலைப் பிடித்தது. "வெளிய வாங்கப்பா" என்றாள்.

கொஞ்ச நேரம் ஆகும் என்றேன்.