அவனும் அவரும்

மார்ச் 3, லைப்சிக்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை. ஜப்பானின் ஆதிப் பட்டத்தரசிகளில் ஒருத்தி, சஹோஹிமே. அண்ணன் கேட்கிறான்: புருஷனா நானா, யார் உனக்குப் பெரிது? நீதான் என்கிறாள். உடனே கத்தியைக் கொடுத்து, தூங்கும் பேரரசனைக் குத்து என்கிறான். இதெல்லாம் அதிகாரப் போட்டி என்கிறார் பேராசிரியை. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லைப்போலும்.

மார்ச் 9

என் புருஷன், இவர், பஸ் ஓட்டிய களைப்பில் வீட்டில் தூக்கம். தம்பி கீர்த்தனன் இவருடைய காரை எடுத்து என்னைக் கூட்டிப்போனான். திருப்பத்தில் சைக்கிளில் வந்த ஒரு மனுஷியை இடித்துவிட்டான். நிறுத்தடா என்றேன். நிறுத்தவில்லை. நானும் பிறகு பேசாமல்தானே இருந்தேன்—

"அக்கா, குடியுரிமைக்கு நான் போட்ட அன்ட்ராக் முடியிற நேரம். வாய் திறக்காதேங்கோ."

மார்ச் 10

அந்த மனுஷிக்கு இடுப்பெலும்பு முறிவு. பேப்பரில் இரண்டு வரி.

மார்ச் 12

பொலிஸ்காரி வந்தாள். காருக்குள் என்னை யாரோ கண்டிருக்கிறார்கள். ஓட்டியது யார்? 'ஏர்' என்றேன். தமிழில் தம்பி அவன், புருஷன் அவர். ஜெர்மனில் இருவருக்கும் அந்த ஒரே ஏர். கார் இவர் பெயரில். இவர் பெயரையே எழுதினாள். பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தும் போட்டேன். மொழிப் பிழையாம். யாரை ஏய்க்கிறேன்?

மார்ச் 14

இவருடைய லைசென்சைப் பிடுங்கிவிட்டார்கள். வேலையும் நின்றது. நான் வீட்டில்தானே படுத்திருந்தேன், யாரோ காரை எடுத்திருக்கிறார்கள் என்கிறார். தலையாட்டினேன்.

மார்ச் 17

சஹோஹிமே மூன்று தரம் கத்தியை ஓங்கினாளாம். முடியவில்லை. கண்ணீர் முகத்தில் விழுந்து பேரரசன் விழித்துக்கொண்டான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகும் அண்ணனின் கோட்டைக்கே ஓடி, பெற்ற பிள்ளையை மட்டும் புருஷனிடம் சேர்ப்பித்துவிட்டு, பேரரசனின் படை வைத்த நெருப்பில் செத்தாள். விசரி, பைத்தியக்காரி. ஆனாலும் அவள் குத்தவில்லை. நான் குத்திவிட்டேன்.

மார்ச் 21

பொலிஸ் கடிதத்தோடு இவர் வந்து நின்றார்.

"நான் ஓட்டினன் எண்டு நீரோ சொன்னனீர்?"

அழுதேன். எல்லாம் சொன்னேன். கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 24

பொலிஸில் தம்பியின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். என் மேலும் வழக்கு வருமாம். வரட்டும். பின்னேரம் கீர்த்தனன் போன் எடுத்தான்: "எனக்கு இருந்த அக்கா செத்துப்போனா." வைத்துவிட்டான்.

மே 6

லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. இன்று இவருக்கு மறுபடி வேலை. பதினொரு வருஷமாக என்னை உரிமையோடு 'நீர்' என்றே கூப்பிட்டவர், காலையில் கதவடியில் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"நீங்கள் சாப்பிட்டிட்டுப் படுங்கோ. நான் வரப் பிந்தும்."