கோலியாத்தின் வீரம்

அன்பு மகள் மிர்தாவுக்கு உன் அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகமாயிருக்கிறோம், கடலுக்கு அப்பால் ஹாலந்தில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலைதோறும் உன் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். மழை வருமுன்னே அப்பாவின் முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால் மாத்தே இலைத்தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு நழுவிவிடுகிறார். சீமைமாதுளை இவ்வருடம் நன்றாகக் காய்த்தது, பாகு கிளறி உனக்கென்று இரண்டு கட்டிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி நம் பால் சங்கத்து ஞானிகளின் செய்தி. போன வசந்தத்தில் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற கோலியாத் என்னும் காளையைச் சங்கத்தார் வாங்கிய வேளையில் நீ எழுதியது நினைவிருக்கும், அதன் விந்துத் துளியை உருப்பெருக்கியில் பார்த்து உயிருண்டா என்று அறிந்த பின்னரே மாடுகளோடு சேர்க்க வேண்டும், உடல் வாட்டசாட்டமாயிருந்தும் வித்துச் செத்த காளைகளைப் பற்றியே நீ அங்கே ஆராய்கிறாய் என்று. நான் அதைக் கூட்டத்தில் வாசித்தேன். தலைவர் தோன் எல்வியோ தூர்ன் தொந்தியின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, “எலிசாம்மா, கண்ணாடிக்குள்ளயே பாத்துப் பாத்து உங்க பொண்ணுக்கு முழு மாடு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு, இவனப் போய்ப் பரீட்சை எழுதச் சொல்றாளே” என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன், “மாட்டுக்கு மாப்பிள்ளை பாக்கறது இருக்கட்டும், மொதல்ல அவளுக்கு ஒருத்தனப் பாருங்க” என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளைக் குடிவெறி என்று கடிந்த ஆசாரியனாவது அடுத்த வார்த்தையிலேயே தன் பிழையை உணர்ந்தான், இவர்களுக்கு அந்த அளவு அறிவையும் கர்த்தர் அருளவில்லை.

பின்பு நடந்ததைக் கேள். சேர்த்த மாடே மூன்று வாரங்கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியது, மறுபடி சேர்த்தார்கள், மறுபடியும் கத்தியது. சினை பிடிக்காததன் அடையாளம் அது என்று பால் கறக்கும் எவருக்கும் தெரியும், ஆனால் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய காளையென்றால் தெரிந்ததும் மறந்துபோகும் போலும். “இந்த வாரம் மட்டும் எத்தன தடவ தெரியுமா, அசரவே மாட்டேங்கறான்” என்று பாலாடைக்கட்டி ஆலை வாசலில் நின்று ஏதோ தாங்களே சாதித்ததுபோல் பெருமை பேசினார்கள். பிப்ரவரியில் நம் முன்னோர் பெற்ற விடுதலையை நினைந்து ஏற்றும் தீயைச் சுற்றி, பரிசுப் பட்டையோடும் மாலையோடும் அதை நடத்தி வந்தார்கள் மிர்தா. பாறைகளின் இடுக்கில் ஒளிந்து விசுவாசத்தைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள், மலையடியில் பொற்கன்றின் முன் ஆடியவர்களைப் போல் கைதட்டினார்கள். நான் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நடுவில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்கு அங்கே வசந்தமாயிருக்கும், இங்கே இப்போது இலை உதிர்ந்து குளிர் தொடங்கிவிட்டது, மிருக வைத்தியர் கையை உள்ளே விட்டுச் சோதித்ததில் கோலியாத்திடம் விட்ட மாடுகளில் ஒன்றுகூடச் சினையில்லை. ஒன்றுகூட. அதற்குச் சங்கத்தார் கண்ட காரணம், மாடுகள் மலடாம். வெறும் வயிற்று மாட்டுக்குக் குளிர்காலப் பொதுப் புல்வெளியில் இடமில்லை என்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள். மற்றவர்களுக்கு இரண்டொரு மாடுதான் போகும். கணவனை இழந்த ஒல்கா ரொஸ்தானுக்கோ சொந்தமாய்ப் புல்லும் இல்லை, வேறு மாடும் இல்லை, தொழுவத்திலுள்ள ஏழும் அடிமாடாக லாரியேற வேண்டும். “குத்தம் காளையோடதுன்னு ஊருக்கே தெரியுது, செத்துப்போறது மட்டும் எம் மாடா?” என்று அவள் கேட்டாள், அவர்களோ அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

சென்ற செவ்வாயன்று தோன் எல்வியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சமையலறைக்கு வந்தார். தலைநகரில் உன் பழைய ஆசிரியருக்கு நீ ஒரு வார்த்தை எழுதினால் அவர் வந்து காளையைச் சோதிப்பாராம். “ஆனா காதும் காதும் வெச்ச மாதிரி நடக்கணும்மா, சங்கத்தோட மானம் இருக்கில்ல” என்றார். ஒல்காவின் மாடுகள் என்னாகும் என்று கேட்டேன். “பாவந்தான், ஆனா தீர்மானத்த இப்ப மாத்தினா நாங்க முட்டாள்னு ஆயிடுமே” என்றார். அது ஆகி வெகுகாலம் ஆயிற்று தோன் எல்வியோ, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று சொல்லி, மாத்தேகூட ஊற்றாமல் அனுப்பிவிட்டேன்.

ஒல்காவின் ஏழு மாடுகளையும் நேற்று நம் புல்வெளிக்கு ஓட்டி வந்துவிட்டோம். குளிர் முடியும் ஆகஸ்டு வரைகூடப் புல் தாங்காது என்று அப்பா முனகுகிறார், அது உண்மைதான், அதற்குள் தீர்மானம் மாறியாக வேண்டும். ஆகையால் நீ உன் ஆசிரியருக்கும் எழுது, சங்கத்துக்கும் எழுது. மறைவாக அல்ல, வருகிற பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்படி, குற்றம் மாடுகளிடம் இல்லை என்று உன் முழுப்பெயரிட்டு எழுது. கோபத்தில் ஒரு சொல்லும் வேண்டாம், வறட்டு உண்மை போதும், அதுவே இவர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் வேலையை நிலைநிறுத்துவாராக. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மறவாதே, எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கட்டும். சங்கத்துக்கு வரும் கடிதத்தைத் தலைவரே எழுந்து நின்று உரக்க வாசிப்பதுதான் இங்கே வழக்கம், தோன் எல்வியோவுக்குப் பார்வை மங்கிவிட்டது, ஒரு வரியும் அவர் கண்ணுக்குத் தப்பக் கூடாது.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அம்மா,
எலிசா கெய்மொனாத்